ஏசி கழுவும் முன் ஒரு வார்த்தை

பாளையங்கோட்டை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ஏசி போட்டால் ஈரத்துணி வாடை அடிக்கிறது, பேத்தி ராத்திரி பூராவும் இருமுகிறாள் என்று எழுதியிருந்தாய். முதலில் பிள்ளையை டாக்டரிடம் காட்டு.

வாடை இங்கேயும் வந்தது. ஆனிக் காற்றைத்தான் உனக்குத் தெரியுமே, ஜன்னலைச் சாத்தினாலும் கட்டிலில் புழுதி படிந்துவிடும். ஏசிக்குள்ளே காற்றைக் குளிர வைக்கிற காயில் (மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய குழாய்ச் சுருள்) ஏசி ஓடும்போது நனைந்தே இருக்கிறது. பில்டரைத் தாண்டிய புழுதி அதில் அப்பிக்கொள்ள, பூஞ்சை பிடிக்கிறது.

நீயே கழுவப்போவதாக எழுதியதைப் படித்ததும்தான் பயம் வந்தது. ரிமோட்டில் அணைத்தால் போதாது, மெயின் பெட்டியில் ஏசிக்குக் கரண்டை நிறுத்தும் சுவிட்சான எம்சிபியையே இறக்கிவிடு. வீட்டில் யாரும் மறந்துபோய் ஏற்றிவிடக் கூடாது என்று மதினியிடமும் சொல்லி வை. இரண்டு வருடத்துக்கு முன் நான் செடிக்கு மருந்தடிக்கும் பம்பால் தண்ணீரை வேகமாக அடித்தேன். வலது ஓரத்து மின் போர்டுக்குள் தண்ணீர் இறங்கி, போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. காயிலின் தகடுகளும் வளைந்துபோயின. அதனால் போர்டுப் பக்கத்தைப் பாலித்தீன் போட்டு நன்றாக மூடிவிடு.

மூக்கில் மாஸ்க், கையில் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. தகடு பிளேடு மாதிரி கிழிக்கும். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தகடு போகிற போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தள்ளு. குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும். அப்புறம் கைத் தெளிப்பானில் தண்ணீரைப் பூப்போலத் தெளித்தால் போதும். அழுக்கு விடவில்லையென்றால் காயிலுக்கென்றே விற்கும் நுரை மருந்தை வாங்கு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடி. கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கம் போகவே போகாதே, அலுமினியத்தை அரித்துவிடும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும். பிள்ளை இருக்கிற வீடு. கத்தி, ஊசி கொண்டும் குத்தாதே, உள்ளே ஓடும் செம்புக்குழாய் ஓட்டையானால் குளிரூட்டும் கேஸ் போய்விடும்.

தண்ணீர் வெளியே போகும் குழாயையும் பார். என் வீட்டில் அதுதான் அடைத்துக்கொண்டு சுவரெல்லாம் ஒழுகியது. பில்டரைக் கழுவி நிழலில் காயப்போடு. எல்லாம் நன்றாக உலர்ந்த பிறகே எம்சிபியை ஏற்று, கொஞ்ச நேரம் ஃபேன் மோடில் மட்டும் ஓடட்டும்.

ஏசியின் முன்மூடி கழலவில்லையென்றால் நெம்பாதே. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அம்பைக்கு வந்துவிடுகிறேன், சேர்ந்தே செய்வோம். சாயங்காலம் ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்புகிறேன். பேத்தி எப்படி இருக்கிறாள் என்று அதற்குள் ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்