ஆள் தேடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் "எல்லாம் தயாரா இருக்குப்பா, சர்வர் இருக்கு, பில்லிங் இருக்கு, கஸ்டமர்தான் வரல" என்றாய். உடனே ஏதாவது சொல்லியிருந்தால் உனக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். மற்றவர்களின் வெப்சைட்டை நம் சர்வரில் வைத்து ஓட்டித்தருகிற இதே ஹோஸ்டிங் தொழிலில் பதினெட்டு வருடம் இருந்தவன் நான். அதில் முதல் மூன்று வருடம், நீ இப்போது செய்வதையெல்லாம் நானும் செய்து காசைக் கரைத்தேன்.

ஒன்றை யோசித்துப் பாரும்மா. காலையில் கண் விழித்ததும் "இன்றைக்கு ஒரு ஹோஸ்டிங் வாங்கணும்" என்று யாராவது நினைப்பார்களா? வெப்சைட் வேண்டும் என்று நினைப்பார்கள். அதைக் கட்டித்தர ஓர் ஆளைப் பிடிப்பார்கள். அந்த ஆள் கை காட்டுகிற இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அப்புறம் ஹோஸ்டிங் என்று ஒன்று இருப்பதே, சைட் படுத்துவிட்ட அன்றைக்குத்தான் அவர்கள் ஞாபகத்துக்கு வரும். சைட் கட்டுகிறவரின் கை, சைட் படுத்த நாள். நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்குத் திறக்கிற கதவு இந்த இரண்டுதான்.

நீ காசு போட்டிருக்கும் கூகுள் விளம்பரம் இந்த இரண்டிலும் சேராது. அது ஏலம். "வெப் ஹோஸ்டிங்" என்ற சொல்லுக்கு உன்னோடு ஏலம் கேட்கிற பெரிய நிறுவனங்கள், முதல் வருடம் நஷ்டத்துக்கே விற்றாலும் ரெனியூவலில் விலையை ஏற்றி எடுத்துவிடும். "சிறந்த 10 ஹோஸ்டிங்" என்று வருகிற பட்டியல்களும் பெரும்பாலும் கமிஷனில் ஓடுபவை. ஓர் ஆளைக் கொண்டுவந்தால் கொடுக்கிற கமிஷன் பல நேரம் அந்த ஆள் முதல் வருடம் கட்டுகிற தொகையையே தாண்டிவிடும். அந்த ஆட்டத்தில் நமக்கு இடமில்லை, விடு.

தள்ளுபடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், நீயும் அதைத்தான் அடுத்து யோசிக்கிறாய். ஒரு தடவை முதல் மூன்று மாதம் பாதி விலை என்று அறிவித்தேன். இரண்டு வாரத்தில் 17 பேர் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வாரம் அதில் நான்கு பேர் கட்டிய பணத்தை வங்கி திரும்பப் பிடித்துக்கொண்டது. திருட்டு கார்டில் கட்டியிருந்தார்கள். அதில் ஒருவன் ஒரு வங்கியின் லாகின் பக்கம் மாதிரியே போலிப் பக்கம் போட்டு, அதற்கு ஆள் பிடிக்க நம் சர்வரிலிருந்தே மெயிலை அள்ளி அனுப்பியிருந்தான். நம் சர்வரின் ஐபி, அதாவது அதன் இணைய எண், குப்பை மெயில் அனுப்புகிறவர்களைக் குறித்துவைக்கும் ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரே ஐபியில் இருந்த மற்ற எல்லோருடைய மெயிலும் திரும்பி வந்தது. ஐந்து வருடமாக நம்மோடு இருந்த ஓர் ஆடிட்டர், கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி வாரத்தில் மெயில் போகாமல் தவித்தார். அந்த மாதமே போய்விட்டார். போனவர் அவருக்குத் தெரிந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த 17 பேரில் மறு வருடம் மிஞ்சியது இருவர். புது ஆளைத் தேடிப் போய்ப் பழைய ஆளைத் தொலைத்த கதை இது.

இன்னொன்றும் செய்தேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் புதிதாக டொமைன், அதாவது வெப்சைட் பெயர், பதிவு செய்தவர்களின் மெயில் முகவரி ஹூஈஸ் என்ற பொதுப் பதிவேட்டில் அப்படியே கிடைக்கும். அதை எடுத்து எல்லோருக்கும் "எங்களிடம் வாருங்கள்" என்று மெயில் அனுப்பினேன். வந்ததெல்லாம் திட்டுதான். 2018 மே மாதம் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலானதும் அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. நல்லதாயிற்று.

சரி, எனக்கு ஆள் எப்படி வந்தது? ஒரு வெப் டிசைனர். அவர் தன் கிளையன்ட் சைட்டுகளை வைத்திருந்த இடம் வாரம் ஒருமுறை விழுந்துகொண்டிருந்தது. நான் கமிஷன் தருகிறேன் என்றேன், அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ராத்திரி பதினோரு மணிக்கு கிளையன்ட் என்னைத்தான் கூப்பிடுறார் சார், நான் யாரைக் கூப்பிடுறது?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது கிளையன்ட் முன்னால் தலைகுனியாமல் இருப்பது. என் சொந்த போன் நம்பரைக் கொடுத்தேன். ஒரே ஒரு சைட்டை இலவசமாக மாற்றித் தருகிறேன், பிடித்தால் மற்றதைப் பார்க்கலாம் என்றேன்.

அந்த ஒரு மாற்றத்தை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், உனக்கு உதவும். டொமைன் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்வது டிஎன்எஸ். அந்தப் பதிலை மற்ற கம்ப்யூட்டர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பது டிடிஎல். முந்தின நாளே அந்த டிடிஎல் 14400 நொடியாக இருந்ததை 300 ஆக்கச் சொன்னேன், மாற்றம் சீக்கிரம் பரவுவதற்காக. சைட்டை நம் சர்வருக்கு நகல் எடுத்து, ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்றி அவர் கம்ப்யூட்டரில் மட்டும் புது சர்வரைக் காட்டி, ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்க்க வைத்தேன். படிவம் நிரப்பினால் மெயில் போகிறதா என்பது வரை பார்த்தோம். அதற்குப் பிறகுதான் டொமைனைப் புது சர்வருக்குத் திருப்பினோம். பழைய சர்வரின் மெயில் பெட்டியில் விழுந்திருந்த மெயிலை மறுநாள் இழுத்துச் சேர்த்தேன். கிளையன்டுக்கு மாறியதே தெரியாது. அந்த டிசைனர் வழியாக மட்டும் இரண்டு வருடத்தில் 31 கணக்குகள் வந்தன. அவர் சொல்லி இன்னும் இரண்டு டிசைனர்கள் வந்தார்கள்.

இதில் ஒரு பயமும் உண்டு. அவர் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் 31-ம் போகும். அதனால் ஒரே கையை நம்பி இருக்காதே. டொமைன் மட்டும் எப்போதும் சைட்டின் சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கவேண்டும். டிசைனர் பெயரிலும் வேண்டாம், உன் பெயரிலும் வேண்டாம். போகிறேன் என்கிறவருக்கு பேக்கப்பையும் டொமைனை மாற்றிக்கொள்ளத் தேவையான ரகசியக் குறியீட்டையும் அன்றைக்கே கொடுத்துவிடு. அப்படிப் போனவர்கள் எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், நம்புவாயா? இன்னொன்று: டொமைன் பதிவு செய்து 60 நாள் ஆகவில்லையே, எப்படி மாறுவது என்று பலர் தயங்குவார்கள். அந்தத் தடை டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு, அதாவது டொமைன் பதிவு செய்துதரும் வேறு நிறுவனத்துக்கு, மாற்றத்தான். டிஎன்எஸ்ஸை வைத்திருக்கும் நேம் சர்வரை மாற்றி ஹோஸ்டிங்கை மட்டும் நகர்த்த எந்தத் தடையும் இல்லை. இதை நீ சொன்னாலே பாதிப் பேர் வந்துவிடுவார்கள்.

இரண்டாவது கதவு, சிக்கல் வருகிற நாள். 2018 ஜூலையில் குரோம் பிரௌசரின் 68-வது பதிப்பு வந்தபோது, எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு இல்லாத எல்லா சைட்டுக்கும் "பாதுகாப்பற்றது" என்று காட்ட ஆரம்பித்தது. ஜனங்கள் பதறினார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்தே அதற்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தும், பல இடங்களில் அதைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லோருக்கும் சும்மா போட்டுக் கொடுத்தோம். விளம்பரத்தில் மூன்று வருடத்தில் வராத ஆட்கள் அந்த அரை வருடத்தில் வந்தார்கள்.

அதே மாதிரி ஒன்று இப்போது உனக்கு வருகிறது. 398 நாள் வரை செல்லுபடியாகும் என்றிருந்த எஸ்எஸ்எல் சான்றிதழின் ஆயுளைக் குறைக்க, பிரௌசர் நிறுவனங்களும் சான்றிதழ் கொடுப்பவர்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் முடிவெடுத்தார்கள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். வருடத்துக்கு ஒருமுறை கையால் போட்டுக்கொண்டிருப்பவர்கள் மறந்துபோய் மாட்டுவார்கள். உன் சர்வரில் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அல்லவா? அதைச் சொல். உன் சைட்டின் முகப்பில் "அன்லிமிடெட்" என்று போட்டிருக்கிறாயே, எல்லோரும்தான் அதைப் போடுகிறார்கள். எடுத்துவிட்டு இதைப் போடு.

இனி யார் வந்தாலும், எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. போகிறவரிடம் ஏன் என்று கேள். என்னுடைய அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

நேற்று ஒரு டிசைனர் பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, சைட் மெதுவாக இருக்கிறது என்று புலம்பினார் என்று. அவருடைய டிஎன்எஸ் யாரிடம் இருக்கிறது, டிடிஎல் எவ்வளவு என்று பார்த்து வை. அவர் சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாற்றலாம், நானும் லைனில் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா