தம்பிக்கு, ஒன்றாம் தேதி வரும் பணம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஒன்றாம் தேதி. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், அடுப்பு மேடையில் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்க்காமலே தெரியும். கூகுள் பேயில் நீ அனுப்பும் 5,000 ரூபாய். கூட ஒரு வார்த்தை இருக்காது. நாலரை வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. 54 மாதம், 2,70,000 ரூபாய். அதில் ஒரு ரூபாயையும் நான் தொடவில்லை. தனியாக ஒரு கணக்கில் கிடக்கிறது.

அந்தப் பணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஆனால் நான் எழுதுவதை எல்லாம் படிக்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள். குடும்ப விஷயத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று உனக்குத் தோன்றும். உன்னைப் பற்றி நான் நாலு பேரிடம் பேசியிருக்கிறேன், தம்பி. கல்யாணப் பந்தியில் பேசியிருக்கிறேன். சபையில் பெண்கள் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுகூடப் பேசியிருக்கிறேன். அப்படிப் பேசியவள் மன்னிப்பு மட்டும் தனியாகக் கேட்டால் அது சரியில்லை.

போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனேன். பழைய சாமான் கடைகள் இருக்கிற தெரு. இடித்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஒரு கடை மூலையில் பழைய பேரேடு ஒன்று கிடந்தது. அட்டையில் துணி நைந்து தொங்கியது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் பிள்ளையார் சுழி, கீழே வரிவரியாகத் தமிழ் எண்களில் தொகை. ரங்கூன் கணக்கு. கணக்குப்பிள்ளையாக இருந்த அப்பாவின் கையெழுத்தோ என்று ஒரு நிமிஷம் மனசு அடித்துக்கொண்டது. இல்லை, அது அப்பா பிறப்பதற்கும் முந்தினது.

1930 வாக்கில் பர்மாவில் மட்டும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று அப்பா சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? 1942இல் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனது. எத்தனையோ பேர் நடந்தே ஊர் திரும்பினார்கள். நான் கையில் வைத்திருந்த அந்தப் பேரேட்டில் கடன் கொடுத்தவரும் இன்று இல்லை, வாங்கியவரும் இல்லை. தாளில் மட்டும் பாக்கி அப்படியே நிற்கிறது. அதை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

கடன் வாங்குகிறவர் எழுதிக் கொடுக்கிற புரோ நோட்டைப் பற்றியும் அப்பா சொல்வார். அதற்கு ஆயுள் 3 வருஷம். அதற்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் காலாவதி. ஆனால் அந்த 3 வருஷம் முடிவதற்குள் கடன் வாங்கியவர் பத்து ரூபாயாவது கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அன்றிலிருந்து மறுபடியும் 3 வருஷம். பின்பக்கம் இடம் போதாமல் தாள் ஒட்டி ஒட்டி வரவு எழுதிய நோட்டு ஒன்றை அப்பா ஒரு தடவை நமக்குக் காட்டினார். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அதை விரித்துக் காட்டினபோது நீ அவர் மடியில் இருந்தாய்.

நீ ஒன்றாம் தேதி அனுப்புவதும் அந்த வரவுதான், தம்பி. கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம் என்று நீ நினைக்கிறாய். ஆனால் நோட்டுக்கு மாதாமாதம் நீ உயிர் கொடுக்கிறாய். நானும் அதையேதான் செய்தேன். உன் கதையை ஒவ்வொரு முறை புது ஆளிடம் சொன்னபோதும் பின்பக்கம் ஒரு வரி எழுதினேன்.

நடந்தது தப்பே இல்லை என்று எழுத மாட்டேன். பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி அம்மாவிடம் கையெழுத்து வாங்கினாய். அது தேவகோட்டை வீட்டை அடமானம் வைக்கிற பத்திரம். வீடு போனது. அம்மா என்னுடைய வாடகை வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன அறையில் கண்ணை மூடினாள்.

ஆனால் நான் யாரிடமும் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. நீ அந்தப் பணத்தைச் சூதாடித் தொலைக்கவில்லை. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் போட்டாய். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டை நீ கரண்டியால் ஊற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அச்சைத் தூக்கும்போது உன் கை ஆடவே ஆடாது. அப்புறம் அதன் மேல் மணலும் சிமெண்டும் அடைத்து, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுப்பதற்குள், லாரியில் மெஷின் டைல்ஸ் வந்து மலிவு விலைக்கு இறங்கிவிடும். இது தெரிந்திருந்தும் பந்தியில் 'அம்மாவை ஏமாற்றிவிட்டான்' என்பதை மட்டும்தான் சொன்னேன். பாதி உண்மையை எத்தனை தடவை சொன்னாலும் அது பொய்தான்.

இருந்தாலும் காரணம் வேறு, மன்னிப்பு வேறு. பட்டறை நொடித்ததைப் புரிந்துகொண்டால் போதும், அதற்கு மன்னிப்பு எதற்கு? எல்லாக் காரணத்தையும் சொல்லி முடித்த பிறகும், அம்மாவிடம் சொன்ன அந்தப் பொய் மிச்சம் இருக்கிறது. மன்னிப்பு அதற்குத்தான்.

பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவர்கள் ஜெபத்தில் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்று வரும். நம் ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று இருக்கிறது. சின்ன வயசில் அப்பாவின் கணக்குப்பிள்ளை வேலைக்காகத்தான் ஜெபிக்கிறோம் என்று நாம் இருவரும் நம்பினோம். இத்தனை வருஷத்தில் அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்? கண்ணை மூடிச் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்ததும் உன் பாக்கியைத்தான் எண்ணினேன்.

மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில் வரும் அந்த ஊழியக்காரனின் கணக்கை இப்போதுதான் பேனாவும் தாளுமாகப் போட்டுப் பார்த்தேன். அவன் ராஜாவுக்குத் தர வேண்டியது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து என்பது 6,000 நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் வருஷம் ஆகும். அப்படிப்பட்டவன், 'பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்' என்கிறான். ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே தள்ளிவிடுகிறார். வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

அவன் கல்நெஞ்சக்காரன் என்றுதான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. கடன் போய்விட்டது என்பது அவன் காதில் ஏறவே இல்லை. இன்னும் கட்டித் தீர்க்க வேண்டும் என்ற நினைப்போடுதான் அரண்மனையை விட்டு இறங்கினான். கட்டுகிறவனுக்கு வசூலும் வேண்டுமே. மன்னிப்பை வாங்கிக்கொள்ளத் தெரியாதவன் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. அந்த நூறு வெள்ளிப்பணமும் லேசான தொகை இல்லை, மூன்று நாலு மாதக் கூலி. உன்னால் எனக்கு வந்த வலியை ஆண்டவர் சின்னது என்று சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

சரி, இனி என் கடன். இதை எழுதாமல் முடிக்க முடியாது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, சபைப் போதகர் ஜெபம் முடித்து எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நீ கடைசியில் வந்தாய். குனிந்து மண்ணை அள்ளினாய். 'நீ போடாதே' என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் நீ கேட்டாய். விரலை ஒவ்வொன்றாக விரித்தாய். மண் உன் செருப்பின் மேல் விழுந்தது. மகன் கையால் விழ வேண்டிய மண்ணைத் தடுத்தவள் நான். நீ செய்த தப்புக்கு அது தண்டனை இல்லை. அதைக் கொடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

இன்னொன்று அதைவிடப் பெரிது. போவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சின்னவன் வந்தா ஒண்ணும் கேக்காதே. மொதல்ல சோறு போடு' என்றாள். உன்னிடம் சொல்லச் சொன்ன வார்த்தை அது. ஆறு வருஷமாக என்னிடமே வைத்துக்கொண்டேன். அம்மா உனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான், அதையும் நான் அமுக்கிவிட்டேன். நீ எங்கள் எல்லோரையும் ஏமாற்றினாய் என்று சொல்லித் திரிந்தவள், உன் சொத்தை வைத்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு, தம்பி.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீஷன் பேதுருவைக் கரையில் பார்த்ததும் ஆண்டவர் முதலில் கணக்குக் கேட்கவில்லை. கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, 'வாருங்கள், போஜனம் பண்ணுங்கள்' என்றார். மற்றதெல்லாம் சாப்பிட்ட பிறகுதான். அம்மா பெரிய வேத அறிவு உள்ளவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் இதைத் தெரிந்து வைத்திருந்தாள்.

வேதத்தில் அப்பாவுக்குப் பிடித்தது, பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம். ஒரே அதிகாரம், 25 வசனம். பிலேமோனிடமிருந்து ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதுகிறார்: 'உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்.' அடுத்த வரியில், இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். 'பார்த்தியா, ஜாமீன் கையெழுத்து' என்று அப்பா விரல் வைத்துக் காட்டுவார். கடன் காற்றில் கரைந்துவிடாது, யாரோ ஒருவர் தலையில் ஏற்றுக்கொண்டால்தான் மற்றவன் விடுபடுவான். கணக்கெழுதியவர், அதனால் அவருக்கு அது சட்டென்று புரிந்தது. உன் கணக்கு இயேசுவின் பேரில் ஏறி முடிந்துவிட்டது. என் கணக்கும் அங்கேதான் ஏறியிருக்கிறது. அப்புறம் நீ எதற்கு எனக்குப் பணம் கட்டுகிறாய்? நான் எதற்கு வாங்கி வைக்கிறேன்?

நாலரை வருஷத்துக்கு முன்னால் பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வரும்போது, கோயில் கேட்டுக்கு வெளியே நின்று அழுதாயே. அன்று நான் சொன்னது, 'சரி, மன்னிச்சிட்டேன், போ.' வெயில், பசி, கூடப் பத்துப் பேர். வாயிலிருந்து வந்துவிட்டது. நீ அந்தப் 'போ'வைத்தான் கேட்டாய். போய்விட்டாய். வா என்று சொல்லியிருக்க வேண்டும்.

இனி ஒன்றாம் தேதி பணம் அனுப்பாதே. வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அம்மாவின் கல்லறை இன்னும் மண்மேடாகத்தான் இருக்கிறது. மரச் சிலுவையைக் கறையான் அரித்துவிட்டது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வருகிறது, எல்லோரும் சுத்தம் செய்து வெள்ளையடிக்க வருவார்கள். நாம் ஒரு கல் வைப்போம். செலவில் பாதி கிடக்கிற பணத்திலிருந்து, மற்றப் பாதி நான். கணக்கில் மிஞ்சுவதை உன் மகள் பேரில் போட்டுவிடு. வீட்டுக்கு ஈடாக இதில் எதையும் நான் வரவு வைக்க மாட்டேன். கல்லில் எந்த வசனம் என்பதை நீ முடிவு செய். சுற்றிலும் பதிக்க உன் பட்டறையில் மிஞ்சிய பூ டைல்ஸ் எட்டு என்னிடம் இருக்கிறது, நீலமும் மஞ்சளும். அம்மா வாசலில் போட ஆசைப்பட்டு எடுத்து வைத்தது.

ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடு. திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது காரைக்குடி. நான் ஸ்டாண்டில் நிற்கிறேன். மத்தியானம் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா