காற்றையும் மழையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புயலின் பாதையைக் கணிப்பதில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நன்றாக எழுதியிருந்தார்கள். அந்த முன்னேற்றத்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன, மறுக்கவே முடியாது. ஆனால் கட்டுரை தொடாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. பலத்த காற்றும் கனமழையும் ஒரே ஊரில், ஒரே நேரத்தில் சேர்ந்து வருமா என்பதை இந்த மாதிரிகள் எந்த அளவுக்குச் சரியாகச் சொல்கின்றன?

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. மண் ஊறிக் குழைந்த பிறகு, வழக்கமாகத் தாங்கும் காற்றுக்கே மரம் வேரோடு சாய்ந்துவிடும். மின்கம்பத்துக்கும் அதே கதிதான். காற்று ஓட்டைப் பெயர்த்துப் போட்ட வீட்டுக்குள் அடுத்த நிமிடமே மழை இறங்கும். சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்த வரும் வண்டி, தண்ணீர் தேங்கிய சாலையில் நின்றுவிடும். இரண்டும் தனித்தனியே வந்தால் சமாளித்துவிடுவோம், சேர்ந்து வரும்போதுதான் முறிந்துபோகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், மணிக்கு 100 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகக் காற்றோடு வந்தது. எங்கள் பகுதித் தென்னந்தோப்புகளை அழித்தது பெரும்பாலும் காற்றுதான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் காற்றின் வேகம் 70 முதல் 80 கி.மீ.தான். புயல் வரிசையில் மிகக் கீழ்ப்படியில் இருந்த அது, பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டியதில், ஒரே நாளில் புதுச்சேரியின் மழை 40 செ.மீ.ஐத் தாண்டியது. காற்றின் வேகத்தை வைத்து மட்டும் புயலைத் தரம் பிரிப்பது எவ்வளவு குறைபாடானது என்பதற்கு இந்த இரண்டு புயல்களே போதும். சரி, கஜாவின் காற்றும் ஃபெஞ்சலின் மழையும் ஒரே புயலில் வந்தால்? அதற்கான எச்சரிக்கை எப்படி இருக்கும்?

மாதிரிகள் தடுமாறும் இடம் இதுதான். வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அவை கணக்குப் போடுகின்றன. பழைய வானிலையை மறுகட்டமைத்துத் தரும், உலகம் முழுக்கப் பயன்படும் இ.ஆர்.ஏ.5 தரவில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 31 கி.மீ. புயலின் மிகக் கடுமையான மழைப்பட்டையின் அகலம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதற்குள் அடிக்கும் உச்சக் காற்று சராசரியில் கரைந்துவிடுகிறது. இப்போது பெரிதாகப் பேசப்படும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பலவும் இதே தரவைப் படித்து வளர்ந்தவைதான். பாதையை அருமையாகச் சொல்லும் அவை உச்சக் காற்றைக் குறைத்துச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

கட்டத்தைச் சிறிதாக்கினால் எல்லாம் தீர்ந்துவிடாது. கொட்டும் மழை, மேலே உள்ள குளிர்ந்த காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு தரையில் மோதும். திடீரென்று வீசும் பலத்த காற்றுக்கு அதுவும் ஒரு காரணம். இயற்கையில் இப்படிப் பின்னிக் கிடப்பவற்றைப் பெரிய கட்ட மாதிரிகள் பெரும்பாலும் தோராயச் சூத்திரங்களால்தான் கணக்கிடுகின்றன. அப்புறம், மாதிரி வழக்கமாகக் கூட்டியோ குறைத்தோ சொல்வதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் பிழைதிருத்தம். மழையைத் தனியாகவும் காற்றைத் தனியாகவும் திருத்தினால் இரண்டு எண்களும் அழகாகிவிடும், அவற்றுக்கு இடையிலான உறவு கெட்டுப்போகும். ஒப்பிட்டுப் பார்க்கும் அளவீட்டிலும் சிக்கல் இருக்கிறது. பலத்த காற்றில் மழைமானிக்குள் விழ வேண்டிய துளிகள் வெளியே போய்விடுவதால், மிக மோசமான நேரத்து மழைதான் குறைவாகப் பதிவாகிறது.

இந்தியாவில் 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கி.மீ. கட்டத்தில் இயங்குகிறது. முன்பிருந்த 12 கி.மீ.யோடு பார்த்தால் இது பெரிய பாய்ச்சல், மனமார வரவேற்கிறேன். ஆனால் கிடைக்கும் கணிப்பை எப்படிச் சொல்கிறோம் என்பதும் மாற வேண்டும். கனமழைக்கு 40 சதவீத வாய்ப்பு, பலத்த காற்றுக்கு 40 சதவீத வாய்ப்பு என்று இரண்டு எண்களைத் தந்தால், இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பு பூஜ்யமாகவும் இருக்கலாம், 40 சதவீதமாகவும் இருக்கலாம். மாணவர்களுக்கு நிகழ்தகவு நடத்தியவன் என்ற முறையில், இது என்னை மிகவும் உறுத்துகிறது. விடையோ கைவசம் இருக்கிறது. ஐரோப்பிய வானிலை மையம், கணக்கைத் தொடங்கும் நேரத்து வானிலை நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே நேரத்துக்கு 51 கணிப்புகளை ஓட்டுகிறது. அவற்றில் எத்தனை கணிப்புகளில் காற்றும் மழையும் ஒரே மாவட்டத்தில், ஒரே ஆறு மணி நேரத்துக்குள் அபாய அளவைத் தாண்டுகின்றன என்று எண்ணினாலே முதல் மதிப்பீடு கிடைத்துவிடும். நம் நாட்டிலும் இப்படிப் பல கணிப்புகளை ஓட்டும் முறை இருக்கிறது.

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் பாதைப் பிழை எத்தனை கி.மீ. என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை நேர்மையாக வெளியிடுகிறது. அதே நேர்மையோடு, காற்றும் மழையும் சேர்ந்து தாக்கிய மாவட்டங்கள் எவை, அதை முன்கூட்டியே சொன்னோமா என்ற பட்டியலையும் வெளியிட வேண்டும். ஒரே நிலையத்தின் மணிவாரிக் காற்று, மழைப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொதுமக்களுக்குத் தர வேண்டும். தங்கள் இதழும் அடுத்த முறை வானிலை அதிகாரிகளைப் பேட்டி எடுக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பட்டுக்கோட்டை.