கல் அடுக்கிவிட்டு வந்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மலையேற்றக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். தனியாக மலையேறப் போன நான் உங்கள் கல்லடுக்குகளை நம்பி வழிதவறி மாட்டிக்கொண்ட கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய அவசியமில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அது இரண்டு நாள் ஓடியது. எனக்கும் ஒருவர் அனுப்பிவைத்தார், முழுவதையும் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "தனியா யார் போகச் சொன்னது?" அதற்கும் பதில் சொல்கிறேன். முதலில் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஃப்ரிமான்ட் சிகரத்தின் தென்மேற்குச் சரிவில் ஜூலைக் கடைசியில் நீங்கள் ஏழு கல்லடுக்குகள் வைத்தீர்கள். அவற்றில் ஐந்து இன்னும் நிற்கின்றன. செப்டம்பர் முதல் வார விடுமுறையில் மறுபடியும் அங்கே போவதாக அறிவித்திருக்கிறீர்கள். போகும்போது தயவுசெய்து அந்த ஐந்தையும் கலைத்துவிட்டு வாருங்கள்.

"நாலு கல்லுக்கு இவ்வளவு பேச்சா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஊரில் இருந்து கேட்டால். அங்கே கல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பைன்டேல் ஊரிலிருந்து எல்க்ஹார்ட் பார்க் வரை காரில் போகிறோம். அங்கிருந்து காட்டுக்குள் 19 கிலோமீட்டர் நடந்தால் ஐலண்ட் ஏரி. வழியில் ஹாப்ஸ் ஏரி, செனகா ஏரி, குட்டி செனகா. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு போகிற மாதிரி தெளிவான பாதை. அப்புறம் மரம் நின்றுவிடும். இந்தியன் பேசின் என்ற பள்ளத்தாக்குக்குள் நுழைந்து சரிவில் கால் வைத்ததும் மண் நின்றுவிடும். பலகை கிடையாது, பெயின்ட் குறி கிடையாது. அமெரிக்காவில் 1964 சட்டப்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மனிதன் கை பட்ட அடையாளம் முடிந்தவரை இருக்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆக, 12,000 அடிக்கு மேல் வழி என்பது நமக்கு முன்னால் போனவர்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்துவிட்டுப் போன கல்தான். ஆங்கிலத்தில் கெய்ர்ன் என்பார்கள். மூன்று கல், நான்கு கல், பார்க்க அழகே இருக்காது. யாரோ அவசரத்தில் வைத்தது போலிருக்கும். 'இந்தப் பக்கம் வா' என்ற ஒரே சொல்தான் அதற்குத் தெரியும்.

உங்களுடையவை அழகாக இருந்தன. அதுதான் தொந்தரவே.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் நான் போனேன். ஐலண்ட் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுவிட்டு அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, பத்தரைக்கு உச்சியில் இருந்தேன். 13,745 அடி. ஏறும்போது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. உச்சியில் கால் மணி நேரம்தான் உட்கார்ந்தேன். அந்த மலைத்தொடரில் கோடைப் பிற்பகலில் இடி வரும் என்பது தெரிந்ததுதான், அன்றைக்கு முற்பகலிலேயே வந்துவிட்டது. மேற்கிலிருந்து மேகம் எழும்பி முகட்டைத் தின்ன ஆரம்பித்தது. இறங்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் என் கையை நீட்டினால் கையுறைக்கு அப்பால் வெள்ளைதான். 30 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன் குளிரில் பொசுக்கென்று அணைந்துவிட்டது. காகித வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருந்தன. எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஏன் என்றால், வலது பக்கம் ஒரு கல்லடுக்கு தெரிந்தது. அதைத் தாண்டி இன்னொன்று. அப்பாடா என்று இருந்தது. யாரோ நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறார்கள் என்ற நினைப்பு.

ஏழாவது அடுக்குக்கு அப்புறம் தரை இல்லை.

அது எப்படிப்பட்ட இடம் என்று நான் வர்ணிக்க வேண்டாம், உங்கள் ரீலில் எல்லோரும் பார்த்ததுதான். இரண்டு பேர் நெருங்கி உட்காரும் அளவு விளிம்பு, கீழே டிட்கோம்ப் ஏரிகள் நீல நிறத்தில். நல்ல வெயிலில் எடுத்த படம் அது. நான் போனபோது மேகம் ஒரு நொடி கிழிந்தது. நேர்கீழே, என் பூட்ஸ் முனைக்கு அடியில், தண்ணீர் தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. அடுத்து ஆலங்கட்டி மழை.

அந்தச் சரிவை கிளாஸ் 3 என்று வகைப்படுத்துவார்கள். கயிறு வேண்டாம், ஆனால் கையில்லாமல் முடியாது. காய்ந்த பாறையில் இறங்கிவந்த வழியை நனைந்த பாறையில் திரும்ப ஏறுவது வேறு சமாச்சாரம். ஒரு கைத்தடி சரிந்து விழுந்தது. அது விழுந்த சத்தம் முதலில் கேட்டது, பிறகு இன்னொரு தடவை கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது தடவையும் கேட்டது. அந்த மூன்றாவது சத்தம்தான் இன்னும் ராத்திரிகளில் எனக்குக் கேட்கிறது. பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கடைசி அடுக்கைச் சரியாகப் பார்த்தேன். மற்ற ஆறும் கோபுரம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. இது அப்படி இல்லை. இரண்டு பக்கமும் சுவர் மாதிரிக் கல், மேலே குறுக்காக ஒரு தட்டைக் கல், அதன்மேல் சின்னதாக ஒன்று. வீடு! திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அம்மாவும் நானும் இதே மாதிரி அடுக்கியிருக்கிறோம், சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு. வயோமிங் மலை உச்சியில், ஆலங்கட்டி தலையில் விழுந்துகொண்டிருக்க, "நம்ம ஆளுங்க வந்திருக்காங்க" என்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை.

இதில் உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய ஒரு விஷயம் உண்டு. மெய்ன் மாநிலத்து அகேடியா பூங்காவில் வால்ட்ரன் பேட்ஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழிகாட்டும் கெய்ர்ன்களுக்கென்றே ஒரு வடிவம் வகுத்தார். இரண்டு கால், குறுக்கே ஒரு தட்டைக் கல், அதன்மேல் வழியைக் காட்டும் ஒரு சின்னக் கல். கிட்டத்தட்ட நம் வேண்டுதல் வீடேதான். அங்கே நடந்து பழகிய ஒருவர் உங்கள் வீட்டைப் பார்த்தால் கோயிலையா நினைப்பார்? இதுதான் வழி என்று நினைத்து நேராக விளிம்புக்கு வருவார். கிரிவலப் பாதையில் அடுக்கினால் ஒரு கெடுதலும் இல்லை. சுற்றிலும் தார் ரோடு, கூட்டம், டீக்கடை. யாரும் அந்தக் கல்லைப் பார்த்து வழி தேடுவதில்லை. ஆகவே கேட்கிறேன், அந்த ஐந்தையும் கலைத்துவிடுங்கள்.

இப்போது "தனியா யார் போகச் சொன்னது" என்பதற்கு. யாரும் சொல்லவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது, யாரும் சொல்லித்தான் போகவேண்டும் என்ற நிலையில் இல்லை. "ஒரு பொம்பளைக்கு இது தேவையா" என்று எழுதிய அண்ணனுக்கும் இதே பதில்தான், கொஞ்சம் அடக்கமாக. தனியாகப் போவதன் ஆபத்து என் கணக்கு. இடி, பனி, கரடி, என் முழங்கால், திசைகாட்டியை எடுக்காத என் சோம்பேறித்தனம், எல்லாம் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சாட்டிலைட் கருவி வைத்திருந்தேன், வீட்டில் நேரம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் நீங்கள் வைத்த கல்லை என் கணக்கில் எழுதாதீர்கள். நான் இருபது பேரோடு போயிருந்தாலும் அந்த மேகத்தில் அந்த ஏழு அடுக்குகள் அதே விளிம்புக்குத்தான் கூட்டிப்போயிருக்கும். இருபது பேர் வரிசையாக.

"மலை எல்லாருக்கும் பொது, கல்லும் பொது" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பொதுதான். அதனால்தான் ஐலண்ட் ஏரிக்கரையில் உங்கள் ஸ்பீக்கரில் ஓடிய பாட்டும் பொதுவாகிவிட்டது போலும். வனாந்தரத்தில் ட்ரோன் பறக்கவிடக்கூடாது என்பதும் பொதுவான விதி, உங்கள் ட்ரோனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. புளியோதரை சுற்றிய அலுமினியத் தாளைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வந்தால் கரடிக்கும் நம் சாப்பாடு பொதுவாகும். கரடிக்கு ஒருமுறை அந்த ருசி பழகிவிட்டால் கடைசியில் சுடப்படுவது கரடிதான், நாம் இல்லை. அப்புறம் அந்த ரீலின் தலைப்பு, 'யாருமே போகாத இடம்'. 1842 ஆகஸ்ட் 15 அன்றைக்கு அமெரிக்க ராணுவ அதிகாரி ஜான் ஃப்ரிமான்ட் அங்கே ஏறி, ராக்கி மலைத்தொடரிலேயே இதுதான் உயரம் என்று நினைத்துக் கொடியை விரித்தார். உடைந்த பாரமானியை வெடிமருந்து வைக்கும் மாட்டுக் கொம்பைச் சுரண்டி ஒட்டுப்போட்டு உயரம் அளந்தார், 13,570 அடி என்று கணக்கு வந்தது. பக்கத்திலேயே கேனட் சிகரம் சுமார் அறுபது அடி அதிகமாக நிற்கிறது. போதாததற்கு, அவர் ஏறியது இந்த மலையே இல்லை, பக்கத்து மலை என்று சொல்பவர்களும் உண்டு. உச்சியில் ஒரு வண்டு போன்ற தேனீ பறந்துவந்து அவருடைய ஆள் ஒருவரின் முழங்காலில் உட்கார்ந்ததாம். அதைப் பிடித்துத் தாவரம் அழுத்தும் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்கள். வந்த இடத்தில் கை சும்மா இராத வியாதி நமக்கு மட்டும் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

சரி, இதையெல்லாம் சொல்ல வரவில்லை. மனத்தில் இருந்தது வந்துவிட்டது. ட்ரோனைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

கலைப்பது எப்படி என்று கேட்டிருந்த ஒரே ஒருவருக்கு என் நன்றி, அவருக்காக எழுதுகிறேன். எல்லாக் கல்லையும் தள்ளிவிடாதீர்கள், பழையவை இருக்கட்டும். பழையதைக் கண்டுபிடிப்பது எளிது. அங்கே பாறைகளில் ஆரஞ்சும் பச்சையுமாகப் படர்ந்திருப்பது நம் பிரியாணியில் போடுகிற கல்பாசிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பழைய அடுக்குகளில் அது கற்களின் மூட்டுகள் மேலேயே படர்ந்திருக்கும். உங்களுடையவற்றில் கல்லின் வெளிறிய அடிப்பாகம் வெளியே தெரியும், நிலத்தில் கல் எடுத்த பள்ளமும் பக்கத்திலேயே இருக்கும். கல்லை அந்தப் பள்ளத்திலேயே வைத்துவிட முடிந்தால் நல்லது. விளிம்பிலிருந்து கீழே மட்டும் உருட்டாதீர்கள், டிட்கோம்ப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும். யோசெமிட்டி பூங்காக்காரர்கள் 2023இல் கல் அடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார்கள், ஆகவே இது ஏதோ ஒரு தனிமைவிரும்பியின் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம்.

உச்சியிலிருந்து இறங்கும்போது முதல் பெரிய பாறைத் தட்டைத் தாண்டியதும் வலது பக்கம் பாருங்கள். அங்கிருந்து ஐந்து. ஆறாவதையும் ஏழாவதையும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பிரித்துவிட்டேன். மற்றவற்றைத் தாண்டித்தான் திரும்ப ஏறினேன், ஆனால் இரண்டு கையும் பாறையில் இருந்தன, தலைக்கு மேல் இடி. அதனால்தான் உங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் எப்படியும் போகிறீர்கள், இருபது பேர். ஐந்து நிமிட வேலை. வானம் தெளிவாக இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் நானே போய்ச் செய்துகொள்கிறேன். தனியாகத்தான்.

அந்த வீட்டை அடுக்கியது உங்களில் யார் என்று தெரியவில்லை. கலைக்கும்போது மனசுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. வீட்டுக் கடன் வட்டி இருக்கிற இருப்பில் எல்லா உதவியும் தேவைப்படும். திருவண்ணாமலைக்கு அடுத்த முறை போகும்போது உங்கள் பேரில் நான் ஒன்று அடுக்கிவிட்டு வருகிறேன். இந்த ஐந்தை மட்டும் கலைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தனியாகப் போனவள்

பி.கு.: அந்த விளிம்புக்குக் கீழே எங்கேயோ சிவப்புக் கைப்பிடி போட்ட என் கைத்தடி கிடக்கும். அதை எடுக்க யாரும் இறங்க வேண்டாம்.