வலையை இறக்குங்கள், தொடுதலை எண்ணாதீர்கள்

கோலாலம்பூரில் ஆண், பெண் கலந்து ஆடும் கைப்பந்து லீக்கை நடத்தவிருக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். அணிகளுக்கு நீங்கள் அனுப்பிய வரைவு விதிகளைப் படித்தோம். பெரும்பாலானவற்றில் எங்களுக்கு மறுப்பு இல்லை. வலையைப் பற்றிய விதி மட்டும் ஆட்டத்தையே கெடுத்துவிடும். வலை 2.43 மீட்டர், ஓர் அணி பந்தை ஒன்றுக்கு மேல் தொட்டால், அதில் ஒரு தொடுதலாவது பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் கலப்பு ஆட்ட விதி அப்படியே இங்கே வந்திருக்கிறது.

2.43 என்பது ஆண்கள் வலை. பொழுதுபோக்குக்கு ஆட வரும் பெண்களில் அந்த உயரத்தில் எம்பி ஓங்கி ஸ்பைக் அடிக்கவோ, எதிராளியின் அடியை வலையருகே மறித்து பிளாக் போடவோ கூடியவர்கள் மிகச் சிலர். ஆகவே அணிகள் குறுக்குவழி தேடும். ஒரு பெண்ணை, அடிப்பவருக்குப் பந்தை ஏற்றிக் கொடுக்கும் செட்டராக்கி, இரண்டாம் பந்தை எப்போதும் அவருக்கே அனுப்பினால் விதி நிறைவேறிவிடும். மற்ற இரு பெண்களும் ஒரு மணி நேரம் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

இன்னொரு சிக்கல். ஓர் ஆண் எடுத்த பந்து தெறித்துக் கம்பத்துப் பக்கம் போகிறது. இன்னொரு ஆண் விழுந்து புரண்டு அதைக் காப்பாற்ற, பந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. உங்கள் விதிப்படி அது தவறு. அருமையான மீட்புக்கு விசில்! பிளாக்கில் படுவது ஓர் அணிக்கு உரிய மூன்று தொடுதல்களில் சேராது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிளாக்கில் பட்டது பெண்ணின் கை என்றால், 'பெண் தொட்டாயிற்று' என்று கொள்வதா? வரைவில் ஒரு சொல் இல்லை. முதல் வாரமே சண்டை வரும்.

நாங்கள் கேட்பது இதுதான்: வலையைப் பெண்கள் உயரமான 2.24 மீட்டருக்கு இறக்குங்கள். தாக்குகோட்டுக்கு (நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் கோடு) முன்னால் நிற்கும் ஆண், வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது. பிளாக்கும் போடக் கூடாது. அமெரிக்காவிலேயே இந்த வகைக்குத் தனி விதி உண்டு, ரிவர்ஸ் கோயெட் என்பார்கள். அதில் ஆண் ஒருவர் தொட்டாக வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடுவருக்கு இதில் புதுப்பாடம் எதுவும் இல்லை. வழக்கமான ஆட்டத்தில் பின்வரிசை ஆட்டக்காரரைப் பார்க்கும் அதே கண்ணோடு எல்லா ஆண்களையும் பார்த்தால் போதும். கவனிக்க வேண்டியவை இரண்டு. எம்பும்போது கால் தாக்குகோட்டில் பட்டதா? கோட்டை மிதித்தாலே முன்பகுதிதான். பின்னாலிருந்து எம்பிவிட்டு முன்னால் வந்து இறங்குவதில் குற்றமில்லை. அடுத்தது, கை படும் நேரத்தில் பந்து முழுவதும் வலையின் மேல்விளிம்புக்கு மேலே இருந்ததா? பந்தின் அடிப்பாகம் விளிம்புக்குக் கீழே இருந்தால் எங்கிருந்தும் அடிக்கலாம். முன்னால் நின்று ஆண் மெதுவாகத் தட்டிவிடும் டிப்பும் தாக்குதல்தான். தப்பித்துக்கொள்ளும் வழியாக அதைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்பதால் தெளிவாக எழுதிவையுங்கள்.

இவ்வளவும் அந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கிறது. செந்தூல், செத்தாப்பாக் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் டேவான்களில் (மண்டபங்களில்) பூப்பந்து, செப்பாக் தக்ரோ, கைப்பந்து என மூன்று ஆட்டக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தாக்குகோட்டின்மேல் வேறு நிற டேப் ஒட்டுங்கள். நடுக்கோட்டின் மையத்திலிருந்து தாக்குகோட்டின் பின்விளிம்பு வரை 3 மீட்டர் இருக்க வேண்டும். முன்விளிம்பு வரை அளந்தால், கோட்டின் அகலமான 5 சென்டிமீட்டர் பிசகிவிடும்.

வலையை நடுவில் அளக்க வேண்டும், கம்பத்தின் அருகே அல்ல. இரு பக்கக் கோடுகளுக்கு மேலும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். விதித்த உயரத்தைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. மேல்கம்பி தளர்ந்த வலை முதல் செட் முடிவதற்குள் நடுவில் தொய்ந்துவிடும். ஒரு பிவிசி குழாயில் 2.24-இல் ஒரு டேப், 2.26-இல் ஒரு டேப் சுற்றி, ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

வலை இறங்கியதும் ஆண்களின் ஜம்ப் சர்வ் பயங்கரமாகிவிடும். ஆண்கள் தரையில் கால் ஊன்றித்தான் சர்வ் போட வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள்.

ஆள் கணக்கு: மூவர் ஆண், மூவர் பெண், சுழற்சியில் ஒருவர்விட்டு ஒருவர். அப்படி நின்றால் முன்வரிசையில் ஒரு சுற்றுக்கு இரு பெண்கள், அடுத்ததற்கு ஒருவர் என்று தானாகவே மாறி வரும். பெண் வராத இடத்தை ஆணைக் கொண்டு நிரப்பாதீர்கள், காலியாக விடுங்கள். காலியிடத்தின் சர்வ் வரும்போது எதிரணிக்குப் புள்ளி என்ற தண்டனையை எடுத்துவிடுங்கள். ஜாலான் ஈப்போ நெரிசலில் மாட்டியவர்மேல் பழி போட்டு என்ன பயன்? இரு பெண்கள் உட்பட நால்வர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம். பின்வரிசையில் மட்டும் தற்காப்புக்கு ஆடும் லிபரோ வேண்டாம், இந்த வரிசையோடு ஒத்துவராது.

நடுக்கோட்டில் மட்டும் அனைத்துலக விதியைவிடக் கடுமையாக இருங்கள். பாதத்தின் ஒரு பகுதி கோட்டின்மேல் இருந்தால் மறுபக்கம் போகலாம் என்கிறது அந்த விதி. வலைக்கடியில் எதிராளியின் கால்மேல் இறங்கித்தான் பல கணுக்கால்கள் திரும்புகின்றன. கோட்டை மிதிக்கலாம், தாண்டினால் தவறு என்று வையுங்கள்.

மேற்கூரையில் பட்ட பந்து வெளியே என்பது பெரிய அரங்குகளுக்குப் பொருந்தும். நம் டேவானில் விசிறியை நிறுத்தினால் ஆட்டக்காரர் மயங்குவார், ஓடவிட்டால் பந்து மயங்கும். கூரையிலோ விசிறியிலோ பட்டுத் தன் பக்கமே விழுந்தால் ஆட்டம் தொடரட்டும். எதிர்ப்பக்கம் போனால் புள்ளி எதிரணிக்கு.

நேரம் தீர்ந்து மணி அடித்தால் நடக்கும் ரேலியை முடிக்க விடுங்கள். முன்னணியில் இருப்பவருக்கு செட். சமமாக இருந்தால் இன்னொரு ரேலி.

அட்டவணை போடும்போது தைப்பூச வாரத்தை விட்டுவிடுங்கள். அதற்கு முன் விரதம் இருப்பவர்களின் அணிகளுக்குக் கடைசி ஆட்டத்தைக் கொடுக்காதீர்கள்.

அளவுகோல் குழாய் இரண்டும் டேப்பும் எங்கள் செலவில் வரும். எந்த டேவான் என்று சொன்னால் கோடு போட முந்தின நாளே வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நடுவர்களும் புள்ளி குறிப்பவர்களும்
கோலாலம்பூர்