கண்டக்டர் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

காவேரிப்பட்டணத்துச் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பஸ் ஏறவே பயந்துகொண்டிருந்த என் மகள் இந்த வாரம் கிருஷ்ணகிரிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள், தனியாகவே திரும்பியும் வந்தாள். என்ன பாடு பட்டோம் என்பது உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளற மனசில்லை. நெஞ்சு நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி காலை டவுன் பஸ் கண்டக்டர் அண்ணனுக்கு.

எக்ஸ்போஷர் தெரபி, அதாவது பயப்படுகிற விஷயத்தையே கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்துப் பழகுகிற சிகிச்சை தொடங்கியபோது, கவுன்சிலர் மேடம் அவளையே படிப்படியாக எழுத வைத்தார். நிற்கிற பஸ்ஸில் ஏறி இறங்குவது, அப்புறம் என்னோடு ஒரு ஸ்டாப்பிங், அப்புறம் நான் பின்சீட்டில் அவள் முன்சீட்டில், கடைசியில் தனியாக. ஒவ்வொரு தடவையும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் குறிக்க வேண்டும். பாதியில் இறங்கிவிட்டால் அப்போதைக்கு நிம்மதி, ஆனால் அடுத்த முறை பயம் இன்னும் பலமாக வரும். இருந்து பார்த்தால்தான், பயந்தது நடக்கவில்லை, படபடப்பையும் தாங்க முடிகிறது என்று பிள்ளைக்குப் புரியும் என்றார். “ஒண்ணும் ஆகாது” என்று விடாமல் தேற்றவும் கூடாதாம். பெற்றவளுக்கு அதைவிடக் கஷ்டம் என்ன இருக்கிறது?

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ‘உச்’ கொட்டவில்லை, துருவிக் கேட்கவில்லை. “நான் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது? அதை மட்டும் சொல்லுங்கம்மா” என்றார். அப்படி வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“எல்லாரையும் மாதிரி நடத்துங்கண்ணா, டிக்கெட்டை அவளே கேட்கட்டும்” என்றேன்.

பெண்களுக்கு இலவச டிக்கெட்தான், ஆனாலும் ஊரைச் சொல்லித்தானே வாங்க வேண்டும். இவள் வாய்க்குள்ளேயே முனகினாள். “எங்கம்மா?” என்று மறுபடி கேட்டுவிட்டு நின்றார். மாம்பழக் கூடையோடு பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் அவர் நகரவில்லை. ஊர்ப் பெயர் வந்ததும் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஒருநாள் நடுவழியில் இறங்கிவிடலாம் என்று எழுந்தாள். “ஸ்டாப்பிங் வரட்டும், உக்காரும்மா.” எல்லோரிடமும் சொல்கிற அதே குரல். உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நோட்டில் ஏறும்போது ஒன்பது, இறங்கும்போது நான்கு.

1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சின்னப் பையனிடம், அவன் சாப்பிடும்போது கூண்டு முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்து பயத்தைத் தணித்தாராம். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டிருக்கிறார். மேடம் இதைச் சொன்னபோது எனக்குக் கண்டக்டர் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். இவள் பயத்தைப் பார்த்து அவர் பதறவே இல்லை.

கவுன்சிலர் மேடம், தாமதமாக வந்தாலும் கேள்வி கேட்காமல் வகுப்பில் சேர்த்துக்கொண்ட டீச்சர், நோட்ஸ் எழுதிக் கொடுத்த தோழிகள், வேப்பிலை அடிக்கச் சொன்னவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன என் மாமியார், 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை முதலில் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் கோடி நன்றி.

நம் பக்கம் எந்தப் பிள்ளைக்காவது இப்படிப் பழக, பஸ்ஸின் பின்சீட்டில் பேசாமல் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள். வேலையைப் போட்டுவிட்டு வருகிறேன்.