பெயர் இல்லாத பக்கங்கள்

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்துவிட்டதாக அண்ணன் சொன்னான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ போன் எடுக்காதது வேலை மும்முரத்தில்தான் இருக்கும். அப்பாவின் கண் ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ முன்பு அனுப்பிய வரைவை மறுபடி படித்தேன். மூன்றாம் அத்தியாயம் போல நம் வீட்டில் யாரும் எழுதியதில்லை. ஆனால் அதில்தான் சில இடங்களில் தகவல் இருக்கிறது, சான்று இல்லை. இணையத்தில் எடுத்தது, எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை, அதனால் விட்டுவிட்டாய். அப்படித்தானே?

பெயர் இல்லை என்று முடிவு கட்டுமுன் பக்கத்தின் அடிவரை போய்ப் பார். 'எங்களைப் பற்றி' என்ற பகுதியையும் பார். உலக சுகாதார நிறுவனத்தின் பக்கங்கள் பலவற்றில் தனி ஆள் பெயர் இருக்காது; அந்த நிறுவனம்தான் ஆசிரியர். அதுவும் தெரியவில்லையா? சான்று காட்டும் முறைகளில் ஒன்றான ஏபிஏவின் (APA) 7ஆம் பதிப்பின்படி ஆசிரியர் இடத்துக்குத் தலைப்பு வந்துவிடும், அடுத்து ஆண்டு. எம்எல்ஏ (MLA) என்ற இன்னொரு முறையிலும் தலைப்புதான் முன்னால். 'அனாமதேயர்' என்று நீயாகப் போடாதே. படைப்பிலேயே அப்படி இருந்தால் மட்டும் போடலாம். பக்க எண் இல்லாவிட்டால் பத்தி எண் கொடு. அடிக்கடி மாறும் பக்கம் என்றால் பார்த்த தேதியையும் சேர். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பிரதி சேமித்துவிடு, நாளைக்குப் பக்கம் காணாமல் போனாலும் கவலையில்லை.

யாருமே பொறுப்பேற்காத பக்கம் என்றால், அதே தகவல் ஓர் ஆய்விதழில் கிடைக்கிறதா என்று தேடு. கிடைத்தால் இதைத் தூக்கிப் போடு. இவ்வளவு படித்தவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர் தெரியவில்லை என்பதற்காக எடுத்ததை மறைக்காதே. சித்தப்பா விஷயத்தில் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். நீ அப்படிச் செய்தாய் என்று சொல்லவில்லை. உன் உழைப்பு எனக்குத் தெரியாதா? ஆனாலும் மறைக்காதே. அடைப்புக்குறிக்குள் தலைப்பின் இரண்டு சொல், ஓர் ஆண்டு, அவ்வளவுதான். ஆண்டும் இல்லையென்றால் தேதி இல்லை என்று குறித்துவிடு.

உன் ஆய்வு வழிகாட்டி கேட்கும்வரை காத்திருக்காமல் நீயே போய்ச் சொல்லிவிடு. எந்தெந்த இடம் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், படம் எடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், போனை எடு.

அம்மா